மருந்து தராத மேதை

இன்ஜினியரான நான் ஒரு தாவரவியல் அறிஞரைப் பற்றி எழுதுவதில் வியப்படைய வேண்டாம். ஹாரி மார்ஷல் வார்டு ஓர் இன்ஜினியரிங் கல்லூரியிலும் பாடம் நடத்தியவர்தான்!

1854-ல் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்து முடித்த கையோடு, 1880-ல் அரசாங்கம் அவரை இலங்கைக்கு அனுப்பியது. அங்கே காபித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. 1869-ல் தலைகாட்டிய இலைத்துரு நோய்தான் காரணம். இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பொடி படியும்; இலை உதிரும்; வருஷத்துக்கு வருஷம் காய்ப்பு குறையும். தோட்டத் துரைமார்களின் முதலீடு மட்டுமல்ல, தமிழக மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து போன கூலித் தொழிலாளர்களின் பிழைப்பும் அந்தச் செடிகளை நம்பித்தான் இருந்தது.

மண்ணைக் குறை சொன்னவர்கள் உண்டு, மழையைக் குறை சொன்னவர்களும் உண்டு. வார்டு யூகத்தை நம்பவில்லை. கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் தொங்கவிட்டு, காற்றில் மிதந்து வந்த பூஞ்சை வித்துகளைப் பிடித்தார். அவற்றை ஈரமான நல்ல இலையில் வைத்துப் பார்த்தார். வித்து முளைத்து, இலையின் அடிப்பக்கத்துச் சுவாசத் துளை வழியே உள்ளே நுழைந்தது. சில வாரங்களில் அதே ஆரஞ்சுப் பொடி வெளியே வந்தது. ஆக, குற்றவாளி பூஞ்சைதான். அதன் வாகனம் காற்று. அதற்குத் தேவை ஈரம். மலை மலையாக ஒரே பயிரை நெருக்கி நட்டதே அதற்கு விருந்து வைத்ததுபோல ஆனது என்றும் எச்சரித்தார்.

துரைமார்கள் கேட்டதோ மருந்து. அது அவரிடம் இல்லை. 1882-ல் ஊர் திரும்பினார். காபி போய், தேயிலை வந்தது.

அப்படியானால் அவர் தோற்றுவிட்டாரா? 1885-ல் பிரான்சில் மில்லார்டே, திராட்சை நோய்க்குப் போர்டோ கலவையை அறிவித்தார். இன்று நம் நாட்டுக் காபி விவசாயிகள் பருவமழைக்கு முன்பே, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அதைத் தெளிக்கிறார்கள். ஏன் முன்பே? ஏன் அடிப்பக்கம்? பதில் வார்டின் ஆய்வில் இருக்கிறது. துருவின் மேலேயே வளர்ந்து அதைத் தின்னும் வெள்ளைப் பூஞ்சையை இன்றைய விஞ்ஞானிகள் ஆராய்வதும், எதிரி யார் என்று அன்றே தெரிந்துவிட்டதால்தான்.

1885-ல் வார்டு கூப்பர்ஸ் ஹில் ராயல் இந்தியன் இன்ஜினியரிங் கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியாவுக்கு வரவிருந்த வன அதிகாரிகளுக்குத் தாவரவியல் கற்பித்தார். 1888-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1895-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர். அவருடைய மாணவர் ரோலண்ட் பிஃபன், கோதுமையில் துருவைத் தாங்கும் குணம் மெண்டலின் விதிப்படி பரம்பரையாக வருவதை 1905-ல் காட்டினார். மறு ஆண்டே வார்டு மறைந்தார். வயது 52தான்.

நம்ம தொழிலிலும் மெஷின் நின்றுபோனால், எப்போ ஓடும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஏன் நின்றது என்று கேட்பவர் குறைவு. தம்பி தங்கைகளே, அந்த 'ஏன்' என்ற கேள்விக்குச் சரியான பதில் சொல்பவருக்கு அன்றைக்கே மாலை விழாமல் போகலாம். ஆனால் பின்னால் வருகிற ஒவ்வொரு தீர்வும் அந்தப் பதிலின் மேல்தான் எழும்பி நிற்கும்.