கொத்து வேலையில் தொடங்கி அறுவை சிகிச்சை வரை... டாக்டர் பால் பிராண்டின் கதை!

மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ஐ.டி.ஐ, டிப்ளமோ, பி.இ முடிச்சுட்டு சம்பந்தமே இல்லாத வேலையில இருக்குறவங்க வீட்டுக்கு ஒருத்தராவது இருப்பாங்க. படிச்சது ஒண்ணு, பார்க்குறது ஒண்ணு, இடையில போன வருஷமெல்லாம் வீண்தானேன்னு தோணும். அப்படித் தோணும்போது டாக்டர் பால் பிராண்டை நினைச்சுக்கலாம்.

1914, ஜூலை 17. கொல்லிமலையில் மிஷனரியாக வேலை பார்த்த ஜெஸ்ஸி, எவ்லின் தம்பதிக்குப் பிறந்தவர் பால். மலைவாசிகளுக்கு அப்பா புண்ணைக் கழுவி மருந்து போடுவதைப் பார்த்தே வளர்ந்தார். ஆனால் ரத்தம், சீழ் என்றாலே பையனுக்கு அருவருப்பு. டாக்டர் வேலையே வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். 1929-ல் இங்கே அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். 16 வயதில் பள்ளியை விட்ட பால், கட்டுமானத் தொழிலில் பயிற்சிக்குச் சேர்ந்தார். தச்சு வேலை, கொத்து வேலை என்று சில வருடங்கள் போயின. அப்புறம், மிஷனரிகளுக்கான ஒரு வருட அடிப்படை மருத்துவப் பயிற்சி. அங்கே, விபத்தில் சிக்கி உயிர் போய்விட்டதுபோல் கிடந்த ஓர் இளம்பெண், ரத்தம் ஏற்றியதும் கண் திறந்ததைப் பார்த்தார். அருவருப்பா இருந்த அதே ரத்தம்தான்! முடிவு மாறியது. லண்டனில் மருத்துவம் படித்து, அறுவை சிகிச்சை நிபுணராகி, 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்தார்.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன், அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார் பால். பிடியில் கை வலித்தது! செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த கையில் அவ்வளவு பலம்.

காட்டுப்பள்ளித் துறைமுக கிரேனைப் பார்த்திருப்பீங்கல்ல? மோட்டார் ஓர் இடத்துல, கம்பி வழியா இழுவை வேறோர் இடத்துல. விரலும் கிட்டத்தட்ட அப்படித்தான். இழுக்கும் தசைகள் பல முழங்கைக்குக் கீழே இருக்கு, நாண்கள்தான் விரல் வரைக்கும் ஓடுது. தொழுநோய் கைக்குள் இருக்கும் சின்னத் தசைகளை முடக்கினாலும், முன்கைத் தசைகள் பலவற்றை விட்டுவைத்திருந்தது. நல்லா வேலை செய்யும் தசையின் நாணை எடுத்து, முடங்கிய விரலுக்கு வழி திருப்பி இணைத்தார் பால். மடங்கிய விரல்கள் விரிந்தன.

விரல்கள் குறைந்துபோவது ஏன் என்பதற்கும் விடை கிடைத்தது. நோய் சதையைத் தின்பதில்லை. நரம்பு மரத்துப்போய் வலி தெரியாததால், சுட்டாலும் வெட்டினாலும் நோயாளி கையை எடுப்பதில்லை. காயம் மேல் காயம் விழுந்துதான் விரல் போகிறது. அப்படின்னா, அதைத் தடுக்கவும் முடியும்!

கை சரியாச்சு... பிழைப்பு?

இங்கேதான் எதிர்பாராத சிக்கல். கை நேரானவர்களுக்கு முன்பு போல பிச்சை விழவில்லை. தொழுநோயாளி என்பதால் வேலையும் கிடைக்கவில்லை. ஆபரேஷன் ஜெயித்தது, மனிதன் தோற்றான்.

அப்போது கைகொடுத்தது, லண்டனில் கற்ற பழைய தொழில்தான். வேலூரில் நவஜீவ நிலையம் உருவானது. அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் அங்கே தங்கி, பால் பிராண்டிடமே தச்சு வேலை கற்றார்கள், மர பொம்மைகள் செய்தார்கள். உளி, ரம்பத்தை எப்படிப் பிடித்தால் மரத்த கையில் காயம் படாது என்பதைச் சொல்லித்தர, மரவேலையும் மருத்துவமும் இரண்டுமே தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

1960-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். மரத்த பாதத்தைக் காப்பாற்ற அவர் கண்டறிந்தவை, சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் உதவின. 2003, ஜூலை 8-ம் தேதி மறைந்தார்.

சர்க்கரை நோய் இருக்கும் அப்பாவிடம், வெறுங்காலோட நடக்காதீங்க, தினமும் பாதத்தைப் பாருங்கன்னு டாக்டர் சொல்வாரில்லையா? அந்த அறிவுரைக்குப் பின்னால, 16 வயசுல கரணை பிடிச்ச இந்தக் கொல்லிமலைக்காரரின் உழைப்பும் இருக்கு.