டேவ் ஆர்னசன்: கோட்டைக்குக் கீழே மேப் போட்டவர்... அவர் பெயர் ஏன் பலருக்குத் தெரியாது?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் முதல் எபிசோடு ஞாபகம் இருக்கிறதா? வீட்டின் அடித்தள அறையில் நான்கு பசங்க மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடுவாங்க. டிவி கிடையாது, ஜாய்ஸ்டிக் கிடையாது. பகடை, பேப்பர், கதை சொல்ல ஒருவன். அவ்ளோதான். அந்த ஆட்டம்தான் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவில் 1974-ல் வெளியானது. இன்றைக்கு நீங்கள் மொபைலில் 'லெவல் அப்' ஆகும் பல கேம்களுக்கு இதுதான் பாட்டன்.

இதை உருவாக்கியது யார் என்று கேட்டால், பெரும்பாலும் கேரி கைகாக்ஸ் என்று பதில் வரும். தப்பில்லை. ஆனால் அது பாதி பதில்தான். முதல் பதிப்பின் அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டாவது பெயர் டேவ் ஆர்னசன். அந்தப் பெயர் எப்படிப் பின்னுக்குப் போனது?

யார் இந்த ஆர்னசன்?

1947 அக்டோபர் 1-ம் தேதி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தவர் டேவ் ஆர்னசன். சிறுவனாக இருந்தபோது பெற்றோர் அவருக்கு 'கெட்டிஸ்பர்க்' என்ற போர் விளையாட்டை வாங்கிக் கொடுத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரை மேசைமேல் ஆடும் ஆட்டம் அது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் கடைசிவரை விடவில்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அவர் படித்ததும் வரலாறுதான்.

மினியாபொலிஸ், செயின்ட் பால் ஆகிய இரட்டை நகரங்களில் இதே பைத்தியம் பிடித்த ஒரு இளைஞர் குழு இருந்தது. பொம்மைச் சிப்பாய்களை வரிசையாக நிறுத்தி, நெப்போலியன் காலத்துப் போர்களை ஆடுவார்கள். ஒவ்வொருவரும் ஒரு படைக்குத் தளபதி.

1969-ல் அந்தக் குழுவின் டேவிட் வெஸ்லி ஒரு சின்ன மாற்றம் செய்தார. 'பிரவுன்ஸ்டைன்' என்ற கற்பனை ஜெர்மன் ஊரை உருவாக்கி, ஆளுக்கு ஒரு பாத்திரம் கொடுத்தார். ஒருவர் மேயர், இன்னொருவர் வங்கிக்காரர், மற்றொருவர் பல்கலைக்கழக வேந்தர். போர் தொடங்கும் முன்பே எல்லோரும் தனித்தனியாகப் பேரம் பேசவும் சதி செய்யவும் கிளம்பிவிட்டார்கள். ஆட்டம் சொதப்பிவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ, இன்னொரு தடவை ஆடலாம் என்று கேட்டு வந்தார்கள். அவர்களில் ஆர்னசனும் ஒருவர்.

மேசைமேல் ஒரு கோட்டை

1970-71 வாக்கில் ஒரு வார இறுதி. பழைய பேய்ப் படங்களைப் பார்ப்பதும், 'கோனன்' கதைகளைப் படிப்பதும், பாப்கார்னைக் கொறிப்பதுமாக நேரத்தைக் கழித்தார் ஆர்னசன். அதில் வந்ததுதான் அந்த யோசனை. அடுத்து நண்பர்கள் வழக்கமான நெப்போலியன் ஆட்டம் என்று நினைத்து வந்தபோது, மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் கோட்டை நின்றது. அந்தக் கோட்டைக்கும் அதைச் சுற்றிய ஊருக்கும் அவர் வைத்த பெயர் பிளாக்மூர்.

இனி யாரும் தளபதி இல்லை. ஆளுக்கு ஒரே ஒரு வீரன். இறங்க வேண்டிய இடம் போர்க்களமும் இல்லை. கோட்டைக்கு அடியில் தளம் தளமாக விரியும் இருட்டு அறைகள், சுரங்க வழிகள், அதில் பூதங்கள், புதையல்கள். அகராதியில் 'டஞ்சன்' என்றால் பாதாளச் சிறை. ஆட்டக்காரர்களுக்கு அன்றிலிருந்து அந்தச் சொல்லின் அர்த்தமே வேறு.

அந்த அறைகள் முழுக்க கிராஃப் தாளில் இருந்தன. ஆனால் தாள் ஆர்னசன் கையில் மட்டும்தான். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஆடுபவர்களுக்குத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல, அவர்கள் தாங்களாக ஒரு மேப் வரைந்துகொள்ள வேண்டும்.

ஏன் பாதாளம்?

இதில் ஒரு நடைமுறை சௌகரியம் இருந்தது. திறந்தவெளியில் ஆடினால் ஆட்டக்காரர் எந்தத் திசையிலும் போவார். வடக்கே காடு வரைந்து வைத்தால், அவர் தெற்கே கிளம்பிவிடுவார். கதை நடத்துபவர் உலகத்தையே தயார் செய்து வைக்க முடியுமா? சுரங்கத்தில் அந்தப் பிரச்னை இல்லை. இடது, வலது, அல்லது நேராக. முடிவெடுப்பது ஆட்டக்காரர்தான், ஆனால் எண்ணிவிடக்கூடிய வழிகளுக்குள்.

அதற்காக ஒரே நேர்கோட்டில் எல்லோரையும் இழுத்துச் செல்லவும் இல்லை. அவர் மேப்களில் வழிகள் பல பக்கம் கிளைக்கும். கீழ்த்தளத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட படிக்கட்டுகள் இருக்கும். தைரியம் இருந்தால் ஆழமாக இறங்கலாம், பயந்தால் வேறு வழியில் மேலே ஓடிவரலாம்.

வீரர்கள் ஒரே அடியில் செத்துப்போனால் ஆட்டம் சட்டென முடிந்துவிடும். அதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். கடற்போர் ஆட்டங்களில் ஒரு கப்பல் பல குண்டுகளைத் தாங்கிய பிறகுதான் மூழ்கும். அந்தக் கணக்கை மனிதர்களுக்கும் போட்டார். இன்றைக்கு எல்லா கேம்களிலும் தலைக்கு மேல் குறையும் அந்த 'ஹெல்த்' கோட்டின் ஆரம்பம் இங்கேதான்.

மேப் ஒன்றுதான், ஆட்டம் வேறு வேறு

ஆர்னசனின் உண்மையான சாமர்த்தியம் இதில்தான் தெரியும். சுவர்களும் படிகளும் தாளில் நிலையாக இருக்கும். அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பது மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். அதைப் பகடை உருட்டியும், தளத்துக்குத் தளம் கூடும் புள்ளிக் கணக்கு வைத்தும் முடிவு செய்தார். அதனால் பழைய மேப்பில் புது ஆட்களைக் குடியேற்றி, ஆட்டக்காரர்கள் கூடும் மாநாடுகளிலும் அவரால் ஆட வைக்க முடிந்தது.

ஆடுபவர்கள் செய்வதும் உலகத்தை மாற்றும். ஒரு கட்டத்தில் அவர் நண்பர்கள் புதையல் ஆசையில் பாதாளத்திலேயே குடியிருந்தார்கள். மேலே கோட்டையைக் காக்க ஆளில்லை. எதிரிகள் வந்து பிடித்துக்கொண்டார்கள். ஆர்னசன் அதை அழித்து எழுதவில்லை. வீரர்களை ஊரைவிட்டே துரத்திவிட்டார்! பிறகு எல்ஃப் இனத்தவர் கோட்டையைக் கைப்பற்றினார்கள். பொருட்காட்சி வாசல் மாதிரி சுழல் கதவு வைத்து, டிக்கெட் போட்டு, கெட்ட சக்தி உள்ளே நுழையாமல் இருக்கப் புனித நீரும் தெளித்தார்கள். மேப் அதேதான். கதை முழுக்க வேறு.

இப்படி வளைந்து கொடுக்கும் மேப்புக்கு என்னென்ன தேவை? 1974-ல் அச்சான விதிகளையும் சேர்த்துப் பார்த்தால் சுருக்கமாக இவை:

• எந்த இடத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி. ஒரு கதவு பூட்டியிருந்தால் ஆட்டம் நின்றுவிடக் கூடாது.

• காலி அறைகள். ஆறு முகப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால்தான் அறையில் பூதம். அதாவது, சுமார் மூன்றில் இரண்டு பங்கு அறைகளில் பூதம் இருக்காது. அந்த இடைவெளிதான் பயத்தைக் கூட்டும்.

• நடமாடும் ஆபத்து. ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்ட வேண்டும். 6 விழுந்தால் எதிரே ஏதோ ஒன்று வரும். ஒரே இடத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருக்க முடியாது.

• பென்சிலும் ரப்பரும். ஆட்டக்காரர்கள் ஒரு தளத்தைக் காலி செய்துவிட்டால், சில வழிகளை அடைத்து, சிலதைப் புதிதாகத் திறந்து, மறுபடியும் குடியேற்ற வேண்டும்.

20 பக்கக் குறிப்பும் ஒரு புத்தகமும்

1969-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா ஊரில் நடந்த 'ஜென் கான்' மாநாட்டில் கேரி கைகாக்ஸைச் சந்தித்திருந்தார் ஆர்னசன். இருவரும் சேர்ந்து ஒரு கடற்போர் ஆட்டத்துக்கு வேலை செய்தவர்கள். 1971-ல் கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய 'செயின்மெயில்' போர் விதிகளைத்தான் பிளாக்மூரில் ஆர்னசன் முதலில் பயன்படுத்திப் பார்த்தார். ஆகவே, கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் இருந்தது.

1972 இறுதியில் ஆர்னசனும் நண்பர் டேவிட் மெகாரியும் லேக் ஜெனீவாவுக்குப் போய் பிளாக்மூரை ஆடிக் காட்டினார்கள். கைகாக்ஸ் அசந்துபோனார். விதிகளை எழுதி அனுப்பச் சொன்னார். ஆர்னசனிடமிருந்து வந்தது சுமார் 20 பக்கக் குறிப்புகள். காரணம் எளிது. அவர் ஆட்டத்தின் பெரும்பகுதி தாளில் இல்லை, தலையில் இருந்தது. அந்தந்த நேரத்துக்கு ஏற்ப முடிவெடுப்பதுதான் அவர் பாணி.

அதை அறிமுகமில்லாத ஒருவர் வாங்கிப் படித்து ஆடும்படி எழுதியது கைகாக்ஸ்தான். குறிப்புகளை விரித்து, சொந்தச் சரக்கும் சேர்த்து, சுமார் 150 பக்கம் ஆக்கினார். 1974 ஜனவரியில், மூன்று சிறு நூல்கள் ஒரு பெட்டியில், விலை 10 டாலர். 1,000 பிரதிகள் ஒரு வருடத்துக்குள் விற்றுத் தீர்ந்தன.

வழக்கு

1976-ல் கைகாக்ஸின் டிஎஸ்ஆர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார் ஆர்னசன். அந்த வருடம் முடிவதற்குள் வெளியேறினார். 1977 முதல் 'அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' நூல்கள் வரத் தொடங்கின. ஆசிரியர் பெயர் கைகாக்ஸ் மட்டும். இது வேறு ஆட்டம், எனவே ஆர்னசனுக்கு ராயல்டி கிடையாது என்பது நிறுவனத்தின் வாதம். 1979-ல் ஆர்னசன் நீதிமன்றம் போனார். 1981-ல் சமரசம் ஆனது. இருவருமே ஆட்டத்தை இணைந்து உருவாக்கியவர்கள் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது.

பிரச்னையின் வேர் இதுதான். அச்சில் வந்த வாக்கியங்களை எழுதியது யார் என்று காட்டுவது எளிது. மேசையில் ஆடி ஆடி உருவான ஒரு பழக்கத்தை யார் கொண்டுவந்தார் என்று எப்படிக் காட்டுவது? ஆர்னசனை நல்ல நடத்துநர் ஆக்கிய அந்த எழுதப்படாத சுதந்திரமே, பெயர் என்று வரும்போது அவருக்கு எதிராக நின்றது.

பிறகு என்ன ஆனார்?

பிளாக்மூரின் மேப்களும் குறிப்புகளும் 1977-ல் 'தி ஃபர்ஸ்ட் ஃபேன்டசி கேம்பெய்ன்' நூலாக வந்தன. நூல் கொஞ்சம் கலைந்துதான் கிடக்கும். ஆனால் சுழல் கதவுக் கதை உட்பட பலதும் நமக்குத் தெரியக் காரணம் அதுதான். பின்னாளில் கலிஃபோர்னியாவில் சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தைகளோடு வேலை செய்தார். பல முகப் பகடைகளை வைத்துக் கணக்கு சொல்லித்தரலாம் என்று பள்ளிகளில் பேசினார். 1999 முதல் புளோரிடாவில் உள்ள ஃபுல் செயில் கல்வி நிறுவனத்தில் கேம் வடிவமைப்பு மாணவர்களுக்கு விதிகள் அமைப்பது பற்றி வகுப்பெடுத்தார்.

கைகாக்ஸ் 2008 மார்ச்சில் இறந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 7-ம் தேதி, புற்றுநோயால் தனது 61-வது வயதில் செயின்ட் பாலில் ஆர்னசன் காலமானார்.

இன்றும் உலகின் ஏதோ ஒரு வீட்டில், கையில் மேப்பை மறைத்து வைத்துக்கொண்டு ஒருவர் மற்றவர்களைப் பார்த்து, இப்போ என்ன பண்ணப் போறீங்க என்று கேட்கிறார். அவர்கள் சொல்லும் பதிலுக்கு ஏற்ப ரப்பரை எடுத்து ஒரு சுவரை அழிக்கிறார். அந்தப் பழக்கத்துக்கு யார் பெயரும் ஒட்டவில்லை. ஆனால் அது தொடங்கிய இடம் மினசோட்டாவில், ஒரு பிளாஸ்டிக் கோட்டை நின்ற மேசை.