கியோர்க் வொன் பேக்கேசி

கியோர்க் வொன் பேக்கேசி (ஜூன் 3, 1899 - ஜூன் 13, 1972) அங்கேரியில் பிறந்த இயற்பியலாளர் ஆவார். உட்செவியில் ஒலி எவ்வாறு பகுக்கப்படுகிறது என்பதைக் கண்டறிந்தமைக்காக 1961 ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். இவர் மருத்துவம் பயின்றவர் அல்லர்.

வாழ்க்கை

புடாபெஸ்ட்டில் அரசதந்திரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தையின் பணி காரணமாக மியூனிக், கான்ஸ்டான்டினோபிள், சூரிக் ஆகிய நகரங்களில் வளர்ந்தார். பெர்ன் நகரில் வேதியியல் பயின்றபின், 1923 இல் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே அங்கேரிய அஞ்சல் துறையின் தொலைபேசி ஆய்வகத்தில் சேர்ந்தார். தொலைபேசி அமைப்பைவிட மனிதச் செவி எந்த அளவுக்குத் தரமானது என்ற பொறியியல் கேள்வியே இவரைச் செவியின்பால் ஈர்த்தது.

ஆய்வு

உட்செவியிலுள்ள இழைகள் பியானோவின் தந்திகளைப் போல ஒவ்வொன்றும் தனக்குரிய சுரத்திற்கு மட்டும் அதிர்கின்றன என்பது எல்மோட்சின் 19 ஆம் நூற்றாண்டுக் கொள்கை. அதைக் கண்ணால் கண்டவர் எவரும் இலர். பேக்கேசி இறந்தோரின் செவிகளை எடுத்து, சுண்டுவிரல் நுனியளவே உள்ள நத்தை எலும்பை நீருக்கடியில் வைத்து நுண்கருவிகளால் திறந்தார். உள்ளிருக்கும் மென்சவ்வின்மீது வெள்ளித்துகள்களைத் தூவி, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கொளியில் நுண்ணோக்கி வழியே நோக்கினார். ஒலி செலுத்தப்பட்டதும், உதறிய கயிற்றில் ஓடும் அலை போன்று சவ்வு நெடுக ஓர் அலை ஓடிற்று. சவ்வு தொடக்கத்தில் குறுகி விறைப்பாகவும் முடிவில் அகன்று தளர்வாகவும் உள்ளது. ஆகவே உயர் சுரங்களின் அலை தொடக்கத்திலும் தாழ் சுரங்களின் அலை முடிவிலும் உச்சம் அடைகிறது. எலி முதல் யானை வரை பல உயிரினங்களிலும் இதனைச் சோதித்தார்.

1946 இல் சுவீடனுக்கும், 1947 இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்திற்கும், 1966 இல் அவாய் பல்கலைக்கழகத்திற்கும் சென்றார். நோயாளியே பொத்தானை அழுத்தித் தன் கேட்டல் அளவைப் பதிவு செய்யும் கேள்மானி ஒன்றையும் உருவாக்கினார். ஒனலுலுவில் காலமானார். தம் கலைப்பொருள் தொகுப்பை நோபல் அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றார்.

பிற்காலத் திருத்தம்

இறந்த செவியில் சவ்வின் அசைவு மிகச் சிறிது. எனவே அவர் செவிடாக்கும் அளவு உரத்த ஒலியைப் பயன்படுத்த நேர்ந்தது. இம்முறையில் அலையின் உச்சம் மிக அகலமாகவே தெரிந்தது. அடுத்தடுத்த சுரங்களை மனிதர் எவ்வாறு பிரித்தறிகின்றனர் என்பதற்கு அது போதிய விடையன்று. 1970களின் தொடக்கத்தில் வில்லியம் ரோட் உயிருள்ள அணில் குரங்குகளில் அளந்தபோது, மெல்லிய ஒலிக்குச் சவ்வு விகிதத்தை மிஞ்சி அசைவதும், விலங்கு இறந்தபின் அப்பண்பு மறைவதும் தெரியவந்தன. புற மயிரணுக்கள் நீண்டு சுருங்கி அலையைப் பெருக்குகின்றன என்பது பின்னர் அறியப்பட்டது. இப்பெருக்கத்தின் விளைவாகச் செவியே மெல்லொலியை வெளியிடுவதை 1978 இல் டேவிட் கெம்ப் பதிவு செய்தார். பிறந்த குழந்தைகளின் கேட்டல் சோதனையில் இவ்வொலி பயன்படுகிறது.