லெஸ்லி இர்வின்: தானே குதித்துக் காட்டியவர்



நமக்குக் குளிர் என்றால் விடியற்காலையில் பால்மரக் காட்டுப் பக்கம் வீசும் காற்றுதான். கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாக நடுங்கியிருப்பீர்கள். ஆனால் 20,000 அடி உயரத்தில் குளிர் உறைநிலைக்கும் கீழே சுமார் 25 டிகிரி! அந்தக் காலத்து விமானங்களில் சூடேற்றும் வசதி சரியாகக் கிடையாது. விரல் மரத்துப் போனால் விமானி எப்படி விசையைப் பிடிப்பார்? இந்தக் கவலைக்கு மருந்து கண்டவர்களில் ஒருவர்தான் லெஸ்லி இர்வின்.

1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தவர். இளவயதிலேயே பலூனிலிருந்து பாராசூட்டில் குதிப்பார். சினிமாப் படங்களில் சாகசக் காட்சிகளும் செய்வார். வீட்டில் பெற்றவர்கள் என்ன பாடுபட்டார்களோ!

அக்காலத்தில் பலரிடம் ஒரு பயம் இருந்தது. விமானத்திலிருந்து சும்மா விழுகிறவன் பாதி வழியிலேயே மயங்கிப் போவான், அவனால் கையைத் தூக்கிக் கயிற்றை இழுக்கவே முடியாது என்று நம்பினார்கள். அமெரிக்க ராணுவத்துக்காக ஃபிளாய்ட் ஸ்மித் முதலானோர் முதுகில் கட்டிக்கொள்ளும் புதுப் பாராசூட் ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். 1919 ஏப்ரல் 28-ஆம் நாள், ஒஹாயோ மாநிலத்தின் மெக்குக் விமானத் திடலில், சுமார் 1,500 அடி உயரத்திலிருந்து இர்வின் குதித்தார். தன் கையாலேயே கயிற்றை இழுத்தார். பாராசூட் விரிந்தது. தரையில் இறங்கும்போது கணுக்கால் உடைந்தது என்னவோ உண்மைதான். ஆனால் ஆள் மயங்கவில்லை! அப்போது அவருக்கு வயது 23.

அதே ஆண்டு பாராசூட் கம்பெனி ஆரம்பித்தார். பெயரை எழுதிய குமாஸ்தா 'இர்வின்' என்பதை 'இர்விங்' என்று தட்டச்சு செய்துவிட, அந்தப் பிழையை யாரும் திருத்தவில்லை. (கட்டுரை நோட்டில் இப்படி விட்டால் நான் சும்மா இருப்பேனா?) 1926-இல் இங்கிலாந்தின் லெட்ச்வொர்த் ஊரிலும் தொழிற்சாலை வந்தது. அவர் பாராசூட்டால் உயிர் தப்பியவர்களுக்குத் தங்கத்தில் சிறு புழு வடிவச் சின்னம் வழங்கினார்கள். பட்டுப்புழுவின் நூல்தானே அன்று பாராசூட்! அட்லாண்டிக் கடலைத் தனியே பறந்து கடந்த லிண்ட்பெர்க், அதற்கு முன்பே நான்கு தடவை பாராசூட்டில் குதித்துப் பிழைத்தவர்.

1930-களின் தொடக்கத்தில்தான் புகழ்பெற்ற அந்தக் கோட்டு வந்தது. அது எப்படி இருக்கும் தெரியுமா? செம்மறியாட்டுத் தோலை மயிரோடேயே பதப்படுத்துவார்கள். மயிரை ஒரே மட்டமாகக் கத்தரிப்பார்கள். பிறகு அதை உள்பக்கமாக வைத்துத் தைப்பார்கள். வெளியே தெரிவது தோல். அதற்குப் பழுப்புச் சாயம் ஏற்றி, ஈரம் இறங்காதபடி மேற்பூச்சும் கொடுப்பார்கள். மயிர்களுக்கு நடுவே அடைபட்டு நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. கழுத்துக்கு அகலமான காலர், இடுப்புக்கு பெல்ட், மணிக்கட்டிலிருந்து மேலே போகும் ஜிப். கையுறையோடு போட ஜிப் வசதி. பை மட்டும் கிடையாது. நெருக்கமான விமானி அறையில் எதிலாவது மாட்டிக்கொண்டால் ஆபத்தல்லவா?

முதலில் பெரிய பெரிய துண்டுகளாக வெட்டித் தைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் கோட்டுகள் ஏராளமாகத் தேவைப்பட்டன. நல்ல பெரிய தோலுக்குப் பஞ்சம். ஆகவே சிறு துண்டுகளை ஒட்டுப்போட்டார்கள். வேறு கம்பெனிகளும் தைத்தன. ஆனால் தையல் கூடக் கூட ஊசி ஓட்டையும் கூடுமே, அதன் வழியே குளிர் நுழையுமே? அதனால் ஒவ்வொரு மூட்டின் மேலும் தோல் நாடா வைத்து மூடித் தைத்தார்கள். என்னைக் கேட்டால், முழுத்தோல் கோட்டைவிட அந்த ஒட்டுக் கோட்டுதான் தையல்காரரின் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிறது. சிலவற்றில் மின்சாரக் கம்பி ஓட்டிச் சூடும் ஏற்றினார்கள். 1940-இல் பிரிட்டனைக் காத்த விமானிகள் பலர் இதைப் போட்டுக்கொண்டுதான் பறந்தார்கள்.

அந்தப் பழைய கோட்டுகள் இன்றும் பலரிடம் உண்டு. மேற்பூச்சு வெடித்து, காய்ந்த வயல் போலக் கோடு கோடாக இருக்கும். உள்ளே மயிர் மட்டும் இன்னும் மெத்தென்று இருக்கும்.

இர்வின் 1966-இல் காலமானார். கம்பெனிப் பெயரிலிருந்த பிழையைத் திருத்தியது 1970-இல்தான்.