வண்ணத்தில் ஒரு நாட்டைப் பதித்தவர்



மன்னர்களின் உருவங்களும் மாளிகைகளின் தோற்றங்களும் ஓவியங்களாகவும் சிலைகளாகவும் காலம் கடந்து நிற்கின்றன. ஆனால், இரயில்பாதையைக் காத்து நின்றவர், ஆற்று மதகைத் திறந்து மூடியவர், தேயிலை பறித்தவர் ஆகியோரின் முகங்களை உலகம் எளிதில் மறந்துவிடுகிறது. அம்முகங்களையும் மறவாமல் வண்ணப் படங்களில் பதித்து வைத்த பெருமகனார் ஒருவர் ரஷ்ய நாட்டில் வாழ்ந்தார். அவர்தாம் செர்கேய் மிகாய்லோவிச் புரோக்குதின்-கோர்ஸ்கி. அப்படங்களை அவர் எடுத்ததன் தலையாய நோக்கம், உங்களைப் போன்ற பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதே.

இளமையும் கல்வியும்

கோர்ஸ்கி 1863ஆம் ஆண்டு ரஷ்யாவின் விளாதிமிர் மாநிலத்தில், பழங்குடிப் பெருமை வாய்ந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். வேதியியலிலும் புகைப்படக் கலையிலும் அவருக்குத் தணியாத ஆர்வம் இருந்தது. 1901ஆம் ஆண்டு, அந்நாளில் தலைநகராக விளங்கிய சென்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் புகைப்பட நிலையம் ஒன்றைத் தொடங்கினார். கற்றது போதும் என்று அவர் ஓய்ந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே ஜெர்மனி நாட்டின் பெர்லின் நகருக்குச் சென்று, வண்ணப் பட ஆராய்ச்சியில் சிறந்து விளங்கிய அடோல்ப் மீத்தே என்னும் பேராசிரியரிடம் பயின்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டைக் கடந்திருந்தது. கற்பதற்கு வயது தடையன்று என்பதற்கு அவர் வாழ்வு ஒரு சான்று.

மூன்று நிறங்களின் விந்தை

அக்காலத்துப் புகைப்படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகவே இருந்தன. கோர்ஸ்கி கையாண்ட முறையோ வியப்புக்குரியது. ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரே கண்ணாடித் தகட்டில், ஒரே காட்சியை அடுத்தடுத்து மூன்று முறை படம் பிடிப்பார். ஒன்று நீல நிறக் கண்ணாடியின் வழியாகவும், ஒன்று பச்சை நிறக் கண்ணாடியின் வழியாகவும், மற்றொன்று சிவப்பு நிறக் கண்ணாடியின் வழியாகவும் பதிவாகும். தகட்டில் தெரிவன மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களே. பின்னர் அவற்றிலிருந்து உருவாக்கிய படங்களை, அதே மூன்று நிற ஒளிகளைக் கொண்டு வெள்ளைத் திரையின்மீது ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்வார். உடனே இயற்கையின் வண்ணங்கள் யாவும் திரையில் மலர்ந்துவிடும்.

இம்முறையில் இடர்ப்பாடும் உண்டு. மூன்று படங்களும் பதியும்வரை எதிரே இருப்பவர் அசையாமல் நிற்க வேண்டும். சற்றே அசைந்தாலும் உருவத்தின் ஓரத்தில் நிறங்கள் தனித்தனியே பிரிந்துவிடும். ஓடும் ஆற்றை நிறுத்தி வைக்க யாரால் முடியும்? ஆகவே, அவர் எடுத்த ஆற்றுப் படங்கள் பலவற்றில் நீரலைகள் வானவில்லின் சிதறல்களைப் போலக் காட்சி தருகின்றன.

இருட்டறை கொண்ட இரயில்பெட்டி

1908ஆம் ஆண்டு, உலகம் போற்றிய எழுத்தாளர் டால்ஸ்டாயை அவருடைய யஸ்னயா பல்யானா இல்லத்தில் கோர்ஸ்கி வண்ணத்தில் படம் பிடித்தார். அப்படம் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. 1909ஆம் ஆண்டு ஜார் மன்னர் இரண்டாம் நிக்கொலாஸ் முன்னிலையில் தம் படங்களைத் திரையிட்டுக் காட்டும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அப்பொழுது தம் நெடுநாள் கனவை அவர் மன்னரிடம் எடுத்துரைத்தார். பரந்து விரிந்த ரஷ்யப் பேரரசு முழுவதையும் வண்ணத்தில் பதிய வேண்டும். அதன் பல்வேறு மக்களையும் பழைமையையும் தொழில்களையும் பள்ளிகள்தோறும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதே அக்கனவு.

மன்னர் மகிழ்ந்து இசைந்தார். படங்களைக் கழுவுவதற்கு இருட்டறை அமைந்த ஓர் இரயில்பெட்டி கோர்ஸ்கிக்கு வழங்கப்பட்டது. நீர்வழிகளில் செல்லக் கப்பல் உதவியும் கிட்டியது. பிறர் நுழைய இயலாத இடங்களுக்கும் செல்வதற்கான அனுமதிச் சீட்டுகளும் அளிக்கப்பட்டன. ஆயினும், படம் எடுப்பதற்கான செலவினைக் கோர்ஸ்கி தம் கைப்பொருளிலிருந்தே செய்து வந்தார்.

1909 முதல் 1915 வரை அவர் ஓயாது பயணம் செய்தார். பெர்ம் நகருக்கருகே காமா ஆற்றின் குறுக்கே கருங்கல் தூண்களின்மீது எழுந்து நிற்கும் இரும்பு இரயில்பாலத்தைப் படமாக்கினார். நூற்றாண்டுகள் கண்ட தேவாலயங்களையும் மடங்களையும் பதிந்தார். 1911ஆம் ஆண்டு மத்திய ஆசியாவில் சமர்கந்து நகரத்தின் நீலநிற ஓடுகள் பதித்த பழைய மதரசாக் கட்டடங்களைப் படம் பிடித்தார். அவற்றுள் சில சிதைந்தும் உதிர்ந்தும் கிடந்தன. அந்நிலையையும் மறைக்காமல் உள்ளவாறே காட்டினார். மூர்மன்ஸ்க் இரயில்பாதை அமைந்த காலத்தில், ஒனேகா ஏரிக்கரையில் தண்டவாளத்தின்மீது ஓடும் சிறிய டிராலியில் அவரே அமர்ந்திருக்கும் படமும் உண்டு.

உழைப்பாளர்க்கு உரிய இடம்

கோர்ஸ்கியின் பெருமைக்கு இவை மட்டுமே காரணமாகா. புக்காரா நாட்டின் அமீர் நீலப் பட்டாடையில் வீற்றிருக்கும் கோலத்தை எத்துணைக் கருத்தோடு பதிந்தாரோ, அத்துணைக் கருத்தோடு எளிய ஊழியரையும் அவர் பதிந்தார். 1910ஆம் ஆண்டு உஸ்த்-கத்தாவ் என்னும் ஊருக்கருகே, இரயில்பாதையில் தடம் மாற்றும் ஊழியர் ஒருவர் தம் பணியிடத்தில் நிற்பதைக் காண்கிறோம். பக்கால் இரும்புச் சுரங்கத்தில் ஆண்களும் பெண்களும் மண் சுமக்கும் காட்சியைக் காண்கிறோம். கருங்கடற்கரையில், இன்று ஜார்ஜியா நாட்டில் உள்ள சக்வா தேயிலைத் தோட்டத்தில் கிரேக்க இனப் பெண்கள் கொழுந்து பறிப்பதைக் காண்கிறோம். அங்குள்ள தொழிற்சாலையில் தேயிலை நிறுக்கும் பகுதியையும் அவர் விட்டுவைக்கவில்லை. தோட்டப்புறத்தில் வளரும் நமக்கு அப்படங்கள் அயலாருடையனவாகத் தோன்றுவதில்லை.

1909ஆம் ஆண்டு மாரின்ஸ்கி நீர்வழியில் செர்னிகோவ் மதகைக் காத்து வந்த முதியவர் ஒருவரை அவர் படம் பிடித்தார். நெஞ்சில் பதக்கங்கள் விளங்க, நரைத்த தாடியுடன் அம்முதியவர் நிமிர்ந்து நிற்கிறார். படத்தோடு கோர்ஸ்கி எழுதிவைத்த குறிப்பினால்தான் அவர் பெயர் பிங்குஸ் கார்லின்ஸ்கி என்பதையும், வயது 84 என்பதையும், 66 ஆண்டுகள் பணிபுரிந்தவர் என்பதையும் நாம் அறிகிறோம். அக்குறிப்பு இல்லையேல் அவர் பெயரற்ற ஒரு கிழவராகவே நம் கண்ணுக்குத் தோன்றியிருப்பார். ஒருவருடைய 66 ஆண்டு உழைப்பு ஒற்றை வரிக் குறிப்பினால் அழியாமல் நிற்கிறது!

சமர்கந்தில் ஆசிரியர் ஒருவரும் அவரைச் சுற்றி யூத இனச் சிறுவர்களும் புத்தகத்துடன் அமர்ந்திருக்கும் படமும் இங்கே குறிப்பிடத்தக்கது. பள்ளிப் பிள்ளைகளுக்காகப் படம் எடுத்தவர், பள்ளிப் பிள்ளைகளையும் படமாக்கினார்.

கலைந்த கனவு

1914ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. 1917ஆம் ஆண்டு புரட்சி வெடித்தது; மன்னராட்சி வீழ்ந்தது. பள்ளிகள்தோறும் படம் காட்டும் திட்டம் நிறைவேறாமலே போயிற்று. 1918ஆம் ஆண்டு கோர்ஸ்கி தாய்நாட்டை விட்டு வெளியேறினார். நார்வே, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் தங்கிப் பின்னர் பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரில் குடியேறினார். அவருடைய கண்ணாடித் தகடுகளில் ஒரு பகுதி ரஷ்யாவிலேயே தங்கி மறைந்துபோயிற்று. எஞ்சியவை 1902 தகடுகள்.

முதுமையிலும் அவர் தம் நோக்கத்தைக் கைவிடவில்லை. பிரான்சு நாட்டில் வளர்ந்து வந்த ரஷ்ய இளைஞர்களுக்கு, அவர்கள் கண்டறியாத தாய்நாட்டைத் தம் படங்களின் வழியே காட்டிச் சொற்பொழிவாற்றினார். இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கென எண்ணிய பணியைக் கையளவு பிள்ளைகளுக்காவது செய்து மனநிறைவு கொண்டார். 1944ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், தமது 81ஆம் வயதில் பாரிஸ் நகரில் இயற்கை எய்தினார்.

மீண்டும் மலர்ந்த வண்ணம்

பாரிஸ் நகரில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்த அத்தகடுகளை, 1948ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவருடைய குடும்பத்தாரிடமிருந்து விலைக்கு வாங்கிப் பாதுகாத்தது. 2000ஆம் ஆண்டில் தகடுகள் அனைத்தும் கணினியில் பதிவு செய்யப்பட்டன. அடுத்த ஆண்டு, கணினியின் உதவியால் மூன்று நிறங்களும் மீண்டும் ஒன்றாக்கப்பட்ட படங்கள் பல, கண்காட்சியில் வைக்கப்பட்டன. பின்னாளில் இடிக்கப்பட்ட தேவாலயங்கள் சிலவற்றின் வண்ணத் தோற்றத்தை இன்று இப்படங்களே நமக்குக் காட்டுகின்றன. ரஷ்யப் பிள்ளைகளுக்கென அவர் எடுத்தவற்றை இன்று உலகப் பிள்ளைகள் யாவரும் கண்டு களிக்கலாம்.

அன்பு மாணவர்களே! பேரரசு மறைந்தது, மன்னரும் மறைந்தார். மதகு காத்த முதியவரோ வண்ணம் குன்றாமல் இன்றும் நம்மை நோக்கி நிற்கிறார். உங்கள் இல்லத்திலும் பாட்டன் பாட்டியின் பழைய படங்கள் இருக்கக்கூடும். அவற்றை எடுத்துப் பாருங்கள். படத்தில் இருப்பவர் யார், எவ்வூரில் என்ன பணி செய்தார், எத்தனை ஆண்டுகள் உழைத்தார் என்பதைப் பெற்றோரிடம் கேட்டு, படத்தின் பின்புறம் தெளிவாக எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதனைச் செய்துவிட வேண்டும். கோர்ஸ்கி செய்த பெரும்பணியில் ஒரு சிறு பங்கு உங்களாலும் இயலும்.