மயிலாடி மகாராசன் வேதமாணிக்கமான வரலாறு

நந்தனார் சரித்திரம் அறியாதார் நம்மில் இலர். ஆதனூரிலிருந்து தில்லைக்குச் சென்ற அவ்வடியாருக்குத் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே கோயிலுள் இடம் கிடைத்தது. அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டு, அதே தில்லையை நோக்கித் தென்கோடியிலிருந்து நடந்து சென்ற மற்றொருவரைக் குமரி மாவட்டத்தார் நன்கறிவர். நம் காஞ்சி வட்டாரத்திலோ அறிந்தோர் சிலரே. அவர் தீப்புகவில்லை. வந்த வழியே திரும்பினார். திரும்பும் வழியில் புதுப்பிறவி எடுத்தார்.

அவர் இயற்பெயர் மகாராசன். நாஞ்சில் நாட்டு மயிலாடியில் சாம்பவர் குடியில் பிறந்தவர். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. நம்மவருள் மிகப் பலர் அடிமைகளாக விற்கவும் வாங்கவும் பட்டனர். ஏனையோர்க்கு ஊழியம் என்னும் கூலியில்லா உழைப்பும் தலைவரியும் இருந்தன. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் மாற்றினால் நம் பாட்டனார் கதையும் இதுவே அன்றோ? இத்தகைய சூழலிலும் மகாராசன் தெய்வ வழிபாட்டில் ஆழ்ந்த பற்றுடையவராய் விளங்கினார். உண்மைத் தெய்வத்தைக் காணும் வேட்கை மிகுந்து, உறவினர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு சிதம்பரத்திற்குப் புறப்பட்டார்.

அங்கே அவர் மனம் அமைதி பெறவில்லை. கனவில் ஒரு பெரியவர் தோன்றி, இவ்விடம் விட்டுத் திரும்புமாறு கடிந்துரைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கனவை நம்புவோர் நம்பலாம். நம்பாதோரும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கோபுரத்தின் அடிவரை சென்று உள்ளே புக உரிமையின்றி நிற்பவன் நெஞ்சில் என்ன எழும்? கோயில் சூழ்ந்த இந்நகரில், 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும் வரை, நம் முன்னோர் நின்ற நிலையும் அதுவே. ஆதலின் அவ்வினாவிற்கு விடை கூற நமக்குக் கனவு வேண்டுவதில்லை.

திரும்பும் வழியில் மகாராசன் தஞ்சையில் உறவினர் இல்லத்தில் தங்கினார். அங்கே சுவார்ட்ஸ் ஐயரால் வளர்க்கப்பெற்ற போதகர் கோலாப், தமிழில் அருளுரை ஆற்றி வந்தார். தேடி அலைந்தவனைக் கடவுளே தேடி வருகிறார் என்னும் செய்தி மகாராசன் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. 1799ஆம் ஆண்டளவில் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

தஞ்சைத் திருச்சபை அக்காலத்தில் சாதி நீங்கியதாய் இருந்தது என்று இளைஞர்கள் கருதிவிடலாகாது. வேளாளர்க்கு ஓரிடம், நம்மவர்க்கு வேறிடம் என்ற வழக்கம் ஆலயத்துள்ளும் இருந்தது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் அதை ஒழிக்க ஆணையிட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. இக்குறையை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. ஆயினும் வேதமாணிக்கம் கண்டது இருக்கையை அன்று. தம்மையும் ஓர் ஆன்மாவாக மதித்த இறைவனை.

ஊர் திரும்பியவர் தாம் பெற்றதைத் தம்மவர்க்கு எடுத்துரைத்தார். சிலர் ஏற்றனர், பலர் பகைத்தனர். இச்சிறு கூட்டத்தைக் காக்க ஒரு போதகர் வேண்டுமென மீண்டும் சோழநாட்டுக்குச் சென்று மன்றாடினார். 1804இன் இறுதியில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய செருமானியர் ரிங்கல்தௌபே, இலண்டன் மிஷனைச் சார்ந்தவர், அவ்வழைப்பை ஏற்று 1806 ஏப்ரலில் மயிலாடி சேர்ந்தார். தென் திருவிதாங்கூருக்குச் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தைக் கொணர்ந்தவர் ரிங்கல்தௌபே என்றே நூல்கள் பலவும் எழுதும். அவரை அழைத்து வந்த சாம்பவரை இரண்டாமிடத்தில் வைப்பது நமக்கு உடன்பாடன்று.

ஆலயம் எழுப்ப அரசின் இசைவு எளிதில் கிட்டவில்லை. ஆங்கிலேயப் பிரதிநிதி கர்னல் மெக்காலே துணைநின்றார். இடையே தளவாய் வேலுத்தம்பியின் கிளர்ச்சி மூண்டது. கிறிஸ்தவர்கள் உயிருக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்தனர். கிளர்ச்சி அடங்கிய 1809இல் மயிலாடி ஆலயம் எழுந்தது. அருகே பள்ளியும் தோன்றியது. ஆசிரியராய் வாழ்நாள் கழித்த நமக்கு அப்பள்ளியே பெரிதாய்த் தெரிகிறது. அங்கு இடப்பட்ட வித்தே பின்னாளில் நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாய் வளர்ந்தது.

வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் தப்பவே பலர் சபையை நாடினர் என்று ரிங்கல்தௌபே மனம் வருந்தினார். அம்மேலோர் எளிய குடிசையில் வாழ்ந்து, தம் ஊதியத்தையும் ஏழைகட்கு ஈந்தவர். எனினும் இவ்வருத்தத்தை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. முதுகில் சுமை அழுத்துபவன் முதலில் சுமை இறங்கவே வேண்டுவான். அவனை ஏளனம் செய்யாது அழைத்துச் சென்று, அதற்கு மேலும் ஒன்று உண்டு எனக் காட்டியவர் வேதமாணிக்கம்.

உடல் நலிவுற்ற ரிங்கல்தௌபே 1816இல் நாட்டை விட்டு அகன்றார். அதன்பின் அவர் என்ன ஆனார் என்பது எவர்க்கும் தெரியாமற் போயிற்று. செல்லுமுன் சபைகளின் பொறுப்பை அவர் ஒப்படைத்தது வேதமாணிக்கத்திடமே. ஐரோப்பியர் ஒருவரும் உடனின்றி ஏறத்தாழ இரண்டாண்டுகள் அவர் அவற்றை நடத்தினார். 1818இல் சார்லஸ் மீட் ஐயர் வந்து சேர்ந்தபோது சபைகள் கலையாதிருந்தன.

1827இல் வேதமாணிக்கம் காலமானார். திருவிதாங்கூரில் அடிமை முறையை முற்றிலும் ஒழிக்கும் அரச ஆணை 1855இல் வந்தது.