துயரின் நடுவே எழுந்த பேனா

வாழ்க்கை திடீரெனத் திசை மாறும்போது பெண்ணின் மனத்தில் எழும் அச்சத்தை நமது சமூகம் பெரும்பாலும் விதி என்று கூறிக் கடந்துவிடுகின்றது. எல்கடுவை, இரத்தோட்டைத் தோட்டங்களில் கணவனை இழந்த தாயாக இருந்தாலென்ன, உக்குவளை, வரக்காமுறைப் பகுதிகளிலிருந்து பிள்ளைகளைப் பிரிந்து மத்திய கிழக்கிற்குச் செல்லும் சகோதரியாக இருந்தாலென்ன, மாத்தளை மாவட்டத்தில் இந்த அச்சத்தை அறியாத ஊர் இல்லை எனலாம். இவ்வேளையில் நாகூர் தந்த எழுத்தாளர் சித்தி ஜுனைதா பேகத்தின் வாழ்வை நினைவுகூர்வது பொருத்தமென நாம் கருதுகின்றோம்.

1917ஆம் ஆண்டு பிறந்த அவர் பாடசாலையில் கற்றது மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே. பன்னிரண்டு வயதிலேயே மணமுடித்து வைக்கப்பட்ட அவர், இளவயதிலேயே கணவரை இழந்து, குழந்தைகளுடன் தனித்து நின்றார். பிள்ளைப் பருவம், மணவாழ்வு, தாய்மை, கைம்மை ஆகிய நான்கும் ஒன்றையொன்று துரத்தி வந்த வாழ்வு அது. முஸ்லிம் பெண்ணொருத்தி எழுதுவதையே ஊர் வியப்புடனும் ஐயத்துடனும் நோக்கிய காலமும் அதுவே.

எனினும் அவர் வாசிப்பைக் கைவிடவில்லை. வீட்டிலிருந்தவாறே தமிழைக் கற்றுத் தேர்ந்தார். பா. தாவூத்ஷாவின் தாருல் இஸ்லாம் இதழில் எழுதினார். 1938ஆம் ஆண்டு, தமது இருபத்தோராவது வயதளவில், காதலா கடமையா என்னும் நாவலை வெளியிட்டார். உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கியமை குறிப்பிடத்தக்கது. தமிழில் நாவல் படைத்த முதல் முஸ்லிம் பெண்மணி எனப் போற்றப்படும் அவர், 1998இல் மறைந்தார்.

எழுதினால் துயர் மறையும் என்று நாம் கூற வரவில்லை. துயரின் நடுவேயும் தமக்கென ஒரு பணியை அவர் விடாது பற்றிக்கொண்டார் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. கலங்கிய மனத்திற்கு அத்தகைய பிடிமானம் அவசியம். அது எழுத்தாகவோ, தையலாகவோ, தொழுகையாகவோ, கோயில் வழிபாடாகவோ இருக்கலாம்.

ஆனால் பெண்ணின் மனவுறுதியைப் புகழ்வதுடன் நமது கடமை முடிந்துவிடாது. முஸ்லிம் கைம்பெண்ணின் இத்தா காலம் நான்கு மாதமும் பத்து நாட்களுமாகும். அக்காலத்தில் வீடு தேடி வரும் உறவுகள் அதன் பின்னர் குறைந்து விடுகின்றன. இந்துக் குடும்பங்களிலும் கருமாதி முடிந்ததும் இதே நிலைதான். வீட்டுச் செலவு, பிள்ளைகளின் கல்வி, நாளைய தினம் பற்றிய பயம் ஆகியன அவளை உண்மையில் நெருக்குவது அதன் பிறகேயாகும்.

ஆகவே, உறவினரும் பள்ளிவாசல், ஆலய நிர்வாகங்களும் அந்த நாட்களிலேயே அவளது வாசலை நாடவேண்டும். உறக்கமின்மையும் படபடப்பும் நீடிக்குமாயின், அரச வைத்தியசாலையின் உளநல மருத்துவரை அணுகுவதில் வெட்கத்திற்கு இடமில்லை. காய்ச்சலுக்கு மருந்து நாடுகின்ற நாம், மனத்தின் நோயை மட்டும் மறைத்து வைப்பது எவ்வகையிலும் நியாயமாகாது.